ரேடியோவுக்குத் தொண்டை கட்டிய நாள்

அந்தத் துணை மின்நிலையத்தில் ஒரே வேலையை இரண்டு பேர் சேர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி முடிவெடுப்பாள், இன்னொருவன் அதை வாயால் சொல்வான். நல்ல பெயர் யாருக்குப் போனது என்று கேட்கவே வேண்டாம்.

அவளை எல்லோரும் ஆபரேட்டரம்மா என்பார்கள். ஊருக்கு வெளியே கம்பி வேலி போட்ட திடல். அதன் நடுவே பெரிய சன்னல் வைத்த ஓர் அறை. அறையின் ஒரு பக்கம் முழுக்க ஆள் உயர இரும்புப் பலகை, அதில் முள் ஆடும் மீட்டர்கள், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கைப்பிடி, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. மின்சாரம் ஓடினால் சிவப்பு எரியும், நின்றால் பச்சை. மேசை மேல் ஒரு பழைய தொலைபேசி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர்கள் முதலில் இந்த அறைக்குப் போன் செய்ய வேண்டும். லைனை நிறுத்திவிட்டு ஆபரேட்டர் "கிளியர்" என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். அந்த ஒரு சொல் ஆபரேட்டர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி. மேலே நிற்பவன் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது என்பதால் அப்படி ஒரு விதி.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வம்பு ஆரம்பித்துவிட்டது. போன் அடித்தது, எடுத்தாள். ஆபரேட்டரைக் கூப்பிடும்மா என்றது எதிர்முனை. நான்தான் ஆபரேட்டர் என்றாள். அப்படியென்றால் பக்கத்தில் சார் யாராவது இருந்தால் கொடு என்றார்கள். அப்படி யாரும் இல்லை, லைன் நிறுத்தியாகிவிட்டது, ஏறலாம் என்று அவள் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். ஆனால் ஒருவரும் ஏறவில்லை. கம்பத்தடியில் குந்திக்கொண்டு, ஆண்பிள்ளை யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். பொழுது சாயும்வரை நாலைந்து தெரு மின்சாரம் இல்லாமல் கிடந்தது. புகார் மேலிடத்துக்குப் போனது. யார் மேல் புகார்? ஏறாமல் குந்தியிருந்தவர்கள் மேல் இல்லை. சரியாகச் சொல்லத் தெரியாதவள் மேல்.

அப்போது அங்கே இருந்த பெரிய இன்ஜினியர் நல்ல மனிதர். திட்டவில்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். "வேலை நடக்கணும்மா. யார் வாயால சொன்னா என்ன? நீங்க முடிவு பண்ணுங்க, உங்க ஹெல்பர் போன்ல சொல்லட்டும்" என்றார். கெட்டவன் சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். நல்ல மனிதர் தன்மையாகச் சொன்னதால் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அவளுடைய ஹெல்பருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற குரல் அவனுக்கு. "டீ சாப்டீங்களா அக்கா" என்று அவன் கேட்டால்கூடச் செய்தி வாசிப்பது போலிருக்கும். எண்ணெய் அளவு பார்ப்பதும், திடலில் புல் முளைக்காமல் பார்த்துக்கொள்வதும், அறையைப் பெருக்குவதும் அவன் வேலை. அத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. போன் அடித்தால் ரேடியோ எடுப்பான். வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, என்ன கேட்கிறார்கள் என்று அவளிடம் சொல்வான். அவள் மீட்டர்களைப் பார்ப்பாள், கைப்பிடியைத் திருப்புவாள், விளக்கைப் பார்ப்பாள், சொல்வாள். அதையே அவன் கணீரென்று போனில் சொல்வான். எதிர்முனை "சரிங்க சார்" என்று வைக்கும். பெருக்குகிறவன் சார். முடிவெடுக்கிறவள் பக்கத்தில் இருக்கும் யாரோ ஒரு பெண்.

ஆரம்பத்தில் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பிறகு பழகிப்போனது. இன்னும் உண்மையைச் சொன்னால், பிற்பாடு அது வசதியாகவும் இருந்தது. ஒவ்வொரு முறையும் "நான்தான் ஆபரேட்டர்" என்று ஆரம்பித்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எதிர்முனையில் யாரோ கிளுகிளுவென்று சிரிப்பதைக் கேட்க வேண்டியதில்லை. வேலை ஓடியது. அவளுக்கு வேண்டியதும் அதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இது அவளுக்குப் புதிதும் இல்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஆய்வுக்கூடத்தில் பையன்கள் சுவிட்சுகளைத் திருகிக்கொண்டிருப்பார்கள். "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நீ ரீடிங் எழுது" என்று வாத்தியார் அவளை ஓரமாக உட்காரவைத்துவிடுவார். அதைப் பாராட்டு என்று நினைத்து மூன்று வருடமும் எழுதிக் கொடுத்தாள். கல்யாணம் ஆன பிறகு வீட்டிலும் அதே கதை. கணவர் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தார். தங்கமான மனிதர். அவளுக்கு மாலை ஷிப்ட் இருந்தால் பாத்திரம் கழுவி வைப்பார், கழுவியதை நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். குழாய் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது, எதை மாற்ற வேண்டும் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் குழாய்க்காரரிடம் கணவர்தான் பேச வேண்டும். வாஷர் எது, வால்வு எது என்று அவருக்குத் தெரியாது. அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுப்பாள், அவர் வாசலில் நின்று அதிகாரமாகச் சொல்வார். வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம், மகளின் கல்லூரி அலுவலகத்தில், எல்லா இடத்திலும் இப்படித்தான். ஆக அவளுக்கு இரண்டு ரேடியோ.

ஒரு வருடம் அவர்கள் ஷிப்டுக்குக் கேடயம் கிடைத்தது. ஒரு விபத்துகூட இல்லாமல் வேலை நடந்ததற்கான கேடயம். மேடையில் கூப்பிட்டார்கள், இருவரும் ஏறினார்கள். வந்திருந்த விருந்தாளி நேராக ரேடியோவிடம் போய்க் கை குலுக்கிக் கேடயத்தைக் கொடுத்துவிட்டார். போட்டோ எடுக்கிறவர், "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, சார் மேல நிழல் விழுது" என்றார். ரேடியோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கீழே இறங்கியதும் அவளிடம் நீட்டினான். அவள், "நீயே வெச்சுக்க தம்பி" என்றாள். மரியாதைக்குச் சொன்னாள். அவன் நிஜமாகவே வைத்துக்கொண்டான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஷிப்ட் பொறுப்பாளர் பதவி காலியானபோது நடந்ததுதான் மனசை விட்டு இறங்கவில்லை. வரிசையில் அவள்தான் முதல். ஆனால் அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு அது போனது. ஏன் என்று விசாரித்தாள். பொறுப்பாளர் என்றால் வெளியே வேலை பார்க்கிறவர்களோடு பேச வேண்டும், "மேடம்தான் யார்கிட்டயும் பேச மாட்டாங்களே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம், எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம். பேசாதே என்றவர்களும் அவர்கள்தான், பேச மாட்டாள் என்றவர்களும் அவர்கள்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்ததை மகள்தான் கவனித்தாள்.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது ரேடியோவுக்குத் தொண்டை கட்டியது.

கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தான். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. "இன்னைக்கு ரேடியோவுல எந்த ஸ்டேஷனும் கிடைக்கலையே" என்று அவள் கேலி செய்தாள். அவன் சத்தமில்லாமல் சிரித்தான், இரும ஆரம்பித்தான். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இன்றைக்கு நானே பேசிக்கொள்கிறேன், நீ சும்மா இரு என்றாள். அதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட அவளுக்கு இருந்தது. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

அன்றைய வேலை மருத்துவமனைச் சாலையில். அங்கே ஒரே கம்பத்தில் இரண்டு லைன் போகிறது. கீழ் லைன் வீடுகளுக்கும் கடைகளுக்கும். மேல் லைன் மருத்துவமனைக்கு. கம்பத்தில் ஆள் ஏற வேண்டுமானால் இரண்டையும் நிறுத்த வேண்டும். கீழ் லைனை அவள் நிறுத்திவிட்டாள். மேல் லைனை நிறுத்த மருத்துவமனையைக் கேட்டாள். உள்ளே அறுவைச் சிகிச்சை நடக்கிறது, ஜெனரேட்டருக்கு மாறிவிட்டுச் சொல்கிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். காத்திருந்தாள்.

அப்போதுதான் சாலையிலிருந்து போர்மேன் கூப்பிட்டார். லைன் ஆட்களுக்குத் தலைவர் அவர். வேலை தெரிந்தவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"யாரு, ரேடியோவா?"

"ஆபரேட்டர் பேசறேன். கீழ் லைன் நிறுத்தியாச்சு. மேல் லைன்ல இன்னும் கரன்ட் இருக்கு. நான் திரும்பக் கூப்பிடுற வரைக்கும் யாரும் ஏறக்கூடாது."

"ரேடியோ எங்கம்மா?"

"அவனுக்குத் தொண்டை கட்டிருச்சு, பேச முடியல. நான் சொல்றதுதான். ஏறாதீங்க."

"சரி சரி" என்றார் போர்மேன். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

சொன்னதை வாங்கிக்கொண்டவர் சொல்கிற "சரி" வேறு மாதிரி இருக்கும். இது பேச்சை முடிக்கச் சொன்ன "சரி சரி". அவளுக்கு அது உடனே உறைத்தது. திரும்பப் போன் செய்தாள். போன் கிடைக்கவில்லை, போர்மேன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ரேடியோ எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். அவனிடமே போனைக் கொடுத்தாள். அவனும் சுழற்றிப் பார்த்தான், கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவன் என்ன சொல்லியிருப்பான்?

போர்மேன் பேசிக்கொண்டிருந்தது பிரிவு அலுவலகத்துச் சாமான் அறைக் குமாஸ்தாவோடு. இது பிறகு தெரிந்தது. கரன்ட் இருக்கிறதா இல்லையா என்று குமாஸ்தாவிடம் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். மின்விசிறி நின்றுபோயிருந்தது. அவருடைய அலுவலகத்துக்குக் கீழ் லைனிலிருந்துதான் மின்சாரம், நிற்காமல் என்ன செய்யும். "இல்ல, போயிருச்சே" என்று சொல்லியிருக்கிறார். ஆணி, போல்ட்டு எண்ணுகிற ஒரு மனிதர், நின்றுபோன ஒரு மின்விசிறியைப் பார்த்துச் சொன்னது போதுமானதாக இருந்தது. ஆபரேட்டர் மீட்டரைப் பார்த்துச் சொன்னது போதவில்லை.

அறையில் அவள் மேல் லைனின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். திருப்பிவிடலாம். திருப்பினால் மருத்துவமனையில் மேசை மேல் படுத்திருக்கும் யாருக்கு என்ன ஆகுமோ. திருப்பாவிட்டால் சாலையில் என்ன ஆகுமோ. மருத்துவமனையைத் திரும்பக் கூப்பிட்டாள், இதோ மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அந்த "இதோ"வுக்குள் பலகையின் பின்னால் டமாரென்று ஒரு சத்தம். மேல் லைனின் சிவப்பு விளக்கு தானாக அணைந்து பச்சை எரிந்தது. மணி அலறியது. அவள் கைப்பிடியைத் திருப்பவே இல்லை. கம்பியில் ஏதாவது பட்டால்தான் லைன் இப்படித் தானாக நிற்கும், பட்டது என்னவென்று அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். ரேடியோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மருத்துவமனையில் அதற்குள் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது, அங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கம்பத்தில் ஏறியவன் அந்தக் கும்பலிலேயே இளையவன், போன வருடம் சேர்ந்த லைன்மேன். உயிர் பிழைத்தான். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை, போய் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. அவன் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவன் இடது கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இவள் யார் என்று தெரிந்ததும் அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். லைன்மேன் அவனாகவே ஆரம்பித்தான்.

"போர்மேன் போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு மேடம். ஏறாதீங்கன்னு நீங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

அந்த அம்மா எழுந்துபோன இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.

"நான் ஏறாமத்தான் நின்னேன். 'என்னடா, அந்தம்மா சொன்னதும் பயந்துட்டியா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஏறிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு பெண் சொல்லி நின்றவன் என்ற பெயர் வேண்டாம் என்று ஒரு கையைக் கொடுத்துவிட்டான். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பு எவ்வளவு கனமானது என்று அவளுக்கும் தெரியும். வருடக்கணக்காக அவளும் அதற்குப் பயந்துதானே ரேடியோவிடம் போனைக் கொடுத்தாள்.

விசாரணை வந்தது. அதற்கு முன்தினம், இப்போது இன்னும் மேலே போய்விட்ட அதே பெரிய இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முடி நரைத்திருந்தது, தன்மை மாறவில்லை. கிளியர் கொடுக்காமலேயே அவன் ஏறினான், அது உண்மைதானே, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். ஹெல்பர் போனில் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை இழுத்தால் முதலில் உங்கள் வேலைக்குத்தான் உலை என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த உண்மையோடு நிறுத்திக்கொண்டால் தப்பு லைன்மேன் தலையில் விழும், கையோடு வேலையும் போகும். மிச்ச உண்மையையும் சொன்னால் அவள் வேலை போகும். ரேடியோ வேலையும் போகலாம். வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, பொய் சொல்ல வேண்டாம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடு என்றார். மகள் கல்லூரி முடிக்கும்வரையாவது வேலை இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. நியாயமான கவலைதான்.

விசாரணை அறையில் நீள மேசை, மூன்று அதிகாரிகள், ஓரத்து நாற்காலியில் பெரிய இன்ஜினியர். போர்மேனை முதலில் கேட்டார்கள். அந்த அம்மா ஏதோ சொன்னார்கள், சரியாக விளங்கவில்லை, எப்போதும் ரேடியோ சொன்னால்தான் எடுத்துக்கொள்வோம், அதுதான் வழக்கம் என்றார். லைன்மேனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதும் அவர்தான். அடுத்து அவள். நீங்கள் ஏறாதே என்று சொன்னீர்களா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றாள். கேட்டதுக்கு மட்டும் பதில் என்றால் இத்தோடு எழுந்துவிடலாம். நடுவில் இருந்த அதிகாரி, "அப்புறம் ஏன் உங்க சொல்லை அவங்க எடுத்துக்கல?" என்று கேட்டுவிட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகக்கூடத் தெரியவில்லை. அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சேர்ந்த மொத வாரத்துக்கு அப்புறம் இத்தனை வருஷத்துல அவங்க என் குரலைக் கேட்டதே இல்ல சார். கிளியர் நான் கொடுக்கணும். நான் கொடுக்கல, ஹெல்பரைச் சொல்ல வெச்சேன். அன்னைக்குத்தான் மறுபடி என் வாயால சொன்னேன். இத்தனை வருஷம் கேக்காத குரலை, அன்னைக்கு மட்டும் எப்படி நம்புவாங்க?"

அதிகாரி காகிதத்தைக் கீழே வைத்தார். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். அவள் சொன்னாள். அறையில் இருந்த யாரும் பெரிய இன்ஜினியர் பக்கம் திரும்பவில்லை. சொன்னது அவர், தலையாட்டியது நான்தான், ஹெல்பர் நான் சொன்னதைத்தான் செய்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். லைன்மேன், தனக்கு மேலே இருந்த போர்மேன் சொல்லித்தான் ஏறினான் என்றாள். சிரித்ததைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது அவன் அவளை நம்பி அவளிடம் மட்டும் சொன்னது.

உத்தரவு வர நாள் பிடித்தது. லைன்மேன் மேல் தப்பில்லை என்று முடிவாகி, உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று கொடுத்தார்கள். போர்மேனுக்குத் தண்டனை. குமாஸ்தாவுக்கு எச்சரிக்கை. ரேடியோ வேறு நிலையத்துக்கு. பெரிய இன்ஜினியர் பெயர் எங்குமே இல்லை. அவளுக்கு? பெண் ஊழியர் என்பதைக் கருணையோடு பரிசீலித்து நடவடிக்கை ஏதும் இல்லை. பகல் நேரத்தில் மட்டும் வேலை இருக்கும் பில் பிரிவுக்கு மாற்றம். கூடவே இன்னொரு வரி. பெண்களின் நலன் கருதி இனிமேல் எந்த நிலையத்திலும் பெண்களை ஆபரேட்டராகப் போடக்கூடாது.

எல்லோரும் வாழ்த்தினார்கள். தப்பித்தாயே என்றார்கள். இனி ஷிப்ட் இல்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம் என்றார்கள். கணவர் முகத்தில் இத்தனை நாள் இல்லாத தெளிவு. நாத்தனார் போன் செய்து, பெண்பிள்ளைக்கு ஏற்ற வேலை இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்றாள். அவளுக்கும் முதல் இரண்டு நாள் தலைச்சுமை இறங்கினாற்போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். தேர்வெழுதி ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வானவள், அடுத்த வாரம் சேர வேண்டியவள். "மேடம், எனக்கு பில் செக்ஷன்னு மாத்தி ஆர்டர் வந்திருக்கு. கேட்டா உங்க கேஸ்னால பொம்பளைங்களுக்கு ஆபரேட்டர் கிடையாதுன்றாங்க. அப்படியா மேடம்?" என்று கேட்டாள். குறை சொல்லவில்லை, விவரம்தான் கேட்டாள். ஆபரேட்டரம்மா, விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். கணவரிடம் சொல்லவில்லை. உத்தரவில் கையெழுத்துப் போட்ட தலைமை அதிகாரியைப் பார்க்கக் காத்திருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது, நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பரவாயில்லை பரவாயில்லை என்று எழுந்தேவிட்டார்.

"எனக்குத் தண்டனை கொடுங்க சார்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"தப்பு செஞ்ச ஆபரேட்டருக்கு என்ன தண்டனையோ, அது. சஸ்பெண்ட் பண்ணுங்க, சம்பள உயர்வை நிறுத்துங்க. நான் செஞ்ச தப்பை என் பேர்ல எழுதுங்க. அதை எல்லாப் பொம்பளைங்க பேர்லயும் எழுதாதீங்க."

குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதிகாரி உட்கார்ந்தார். உங்கள் நல்லதுக்குத்தானே செய்தோம் என்றார். அவசரப்படாதீர்கள், குடும்பம் இருக்கிறது, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். அதே தப்பை ஓர் ஆண் செய்திருந்தால் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் தண்டனை கொடுத்திருப்பீர்களா என்று அவள் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வரியை எடுத்தால் உங்கள் மேல் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும், விதிப்படி பார்த்தால் சின்னத் தண்டனையாக இருக்காது என்றார். தெரியும் சார் என்றாள்.

விஷயம் தெரிந்ததும் கணவர் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வார்களா யாராவது என்று மகளிடம் புலம்பினார். நாத்தனார், அவளுக்குத் தலைக்கனம் என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டாள்.

புது உத்தரவு பழுப்பு உறையில் வீட்டுக்கே வந்தது. ஆறு மாதம் சஸ்பெண்ட். சம்பள உயர்வு நிறுத்தம். அது முடிந்ததும் அதே நிலையத்தில் அதே வேலை. பெண்களைப் போடக்கூடாது என்ற வரி எங்குமே இல்லை. கணவர் வாசலில் நின்றபடியே படித்தார். அவர் உதடு துடித்தது. அவமானமா, கோபமா, அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் நின்றபடியே படித்தாள். "கிளியர் அளிக்கும் பொறுப்பு தன்னிடம் இருந்தும், ஆபரேட்டர் அதைத் தன் வாயால் சொல்லாமல் பல ஆண்டுகள் இருந்தது கடுமையான குற்றம்" என்று எழுதியிருந்தது. அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை, கண்ணை மறைத்தது. கேடயம் கொடுத்தபோதும் பதவி மறுத்தபோதும் அந்த அலுவலகம் அவளை ஓர் ஆபரேட்டராகப் பார்த்ததில்லை. தண்டனை கொடுக்கும்போதுதான் பார்த்தது. அதற்குள் ஒருவனுக்குக் கை போய்விட்டிருந்தது.